ஒன்பது மணித் திருடர்கள்

அந்த ஐப்பசியின் முதல் திங்கட்கிழமை, காலை சரியாக ஒன்பது மணிக்கு, யாரோ எங்கள் சர்வரைக் கீழே தள்ளினார்கள். எட்டு ஐம்பத்தொன்பது வரை நன்றாகத்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஒன்பதானதும் பக்கம் வெள்ளையாகி, நடுவில் ஐந்நூற்று இரண்டு என்ற எண் மட்டும் நின்றது. வெப் சர்வரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அந்த எண்ணைத் தெரியும். வாசலில் ஆள் காத்திருக்கிறார், உள்ளே கூப்பிட்டால் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் என் மாமாவின் தானிய, மலைச்சரக்கு மண்டி. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கீழே மூட்டைகளும் எடைமேடையும். மேலே பலகை அடித்த சின்ன அறையில் நானும் என் லேப்டாப்பும். கம்ப்யூட்டர் படித்து முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சென்னையில் மூன்று இடத்தில் நேர்காணலுக்குப் போய், மூன்று இடத்திலும் "சொல்கிறோம்" என்று சொன்னார்கள். வீட்டில் சும்மா உட்கார என்னால் முடியாது. மண்டிக்கு ஒரு வலைத்தளம் போட்டுத் தருகிறேன் என்று நானேதான் போய்க் கேட்டேன். "எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார் மாமா. அந்தக் கேள்விக்குப் பதில் கடை வாசலிலேயே இருந்தது.

ஐப்பசி பிறந்தால் கல்வராயன் மலையில் சாமை அறுப்பு முடிந்து மூட்டைகள் இறங்க ஆரம்பிக்கும். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்பில், அடிவாரத்திலிருந்து டிராக்டரில். எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கும். உள்ளே இறக்க இடமிருக்காது. ரோட்டோரம் காத்துக் கிடக்கும்போது மழை பிடித்துக்கொள்ளும். நனைந்த சாமையை மாமா வாங்கமாட்டார், வேறு யாரும் வாங்கமாட்டார்கள். இரண்டு நாளில் முளைவிட்டுவிடும். அதற்கப்புறம் அது கோழித் தீனி. அதனால் டோக்கன் முறை. வாரத்துக்கு அறுபது டோக்கன். டோக்கன் இருந்தால் வந்ததும் இறக்கலாம், இல்லாவிட்டால் இறக்க முடியாது. அதுவரை டோக்கனை எல்லாம் கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். டோக்கன் கேட்டு நாற்பது கிலோமீட்டர் இறங்கி வந்து, கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் தளத்தில் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டோக்கன் திறக்கும். போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஆவணியில் தொடங்கினேன். வரத்து இல்லாத மாதங்கள், அதனால் பிரச்சினையும் இல்லை.

இப்போது வரத்து தொடங்கிய முதல் திங்கட்கிழமையே சர்வர் சாய்ந்துவிட்டது.

"இன்னாம்மா, ஒன் பெட்டி படுத்துக்கிச்சா?" கீழேயிருந்து மாமா.

"யாரோ அட்டாக் பண்றாங்க மாமா!"

"நோட்டு எப்பனா படுத்துச்சாங்க பாய்?" என்றார் கணக்குப்பிள்ளை, எனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. முப்பது வருஷம் அந்த நோட்டை வைத்திருந்தவர். என் தளம் வந்த நாளிலிருந்து நோட்டு மூடிக் கிடக்கிறது. ஆனால் பேனா மட்டும் காதிலிருந்து இறங்கவில்லை. என்றாவது ஒரு நாள் இது படுக்கும் என்று காத்திருக்கிற பேனா அது என்று எனக்குத் தோன்றும்.

சர்வரை மறுபடி எழுப்பி நிறுத்தினேன். விழுந்தது. மறுபடி எழுப்பினேன். ஒன்பது நாற்பதுக்கு மேல் தானாகவே விழாமல் நின்றது. அதற்குள் பாதிப்பேர் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் இல்லை. சர்வர் கற்றுக்கொடுத்தது. சர்வருக்கு லாக் என்று ஒரு பதிவேடு உண்டு. எந்த முகவரியிலிருந்து வந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்தப் போனில், எதைக் கேட்டார்கள், என்ன பதில் போனது என்று வருகைக்கு ஒரு வரி. தளத்தைத் திறந்த முதல் நாள், மாமாவுக்குக்கூட முகவரியைச் சொல்லாத நேரத்தில், அந்தப் பதிவேட்டில் முந்நூறு வரி விழுந்திருந்தது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ, நிர்வாகி நுழையும் பக்கம் எங்கே, பாஸ்வேர்டு கோப்பு எங்கே என்று தடவிப் பார்த்திருந்தார்கள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுமுன்னே திருடன் வந்து தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்த மாதிரி. அன்றைக்குப் பிறகு எந்த வரியைப் பார்த்தாலும் முதலில் இவன் யார் என்றுதான் கேட்பேன். அந்தப் பழக்கம் பஸ்ஸிலும் வந்துவிட்டது, பிரியாணிக் கடையிலும் வந்துவிட்டது. யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்ப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை லாகைத் திறந்து வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டையே மறந்தேன்.

எட்டு மணிக்குத் திறந்த பக்கத்துக்கு ஒன்பது வரை அடிவாரத்து ஆட்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். வேறு ஈ காக்கை இல்லை. ஒன்பது மணி ஐந்து விநாடிக்கு முதல் வரி. அடுத்த இரண்டு நிமிடத்தில் நானூற்றுச் சொச்சம் வரி. எல்லாம் ஒரே முகவரி. அதில் முக்கால்வாசி ஒரே மாடல் போன். டோக்கன் கேட்டு நிரப்பிய விண்ணப்பங்களில் ஆள் பெயர் வேறு வேறாக இருந்தது, ஆனால் தொடர்பு எண் பெரும்பாலும் ஒன்றுதான். மனிதர்கள் இப்படி வரமாட்டார்கள். ஒருத்தர் எட்டேகாலுக்கு வருவார், ஒருத்தர் டீ குடித்துவிட்டு வருவார், ஒருத்தர் மறந்துவிட்டுச் சாயங்காலம் வருவார். விநாடி தவறாமல் வருவது மிஷின். யாரோ ஒரு நிரல் எழுதி, ஒன்பது மணிக்கு அதை ஏவிவிட்டு, அறுபது டோக்கனையும் அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். எதிர்க்கடைக்காரரா? தரகரா?

தொடர்பு எண்ணை என் போனில் போட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே சேமித்த எண். மலையிலிருந்து எங்களுக்கு லோடு கொண்டுவரும் ஜீப்காரர்.

இப்போது எனக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. லோடு இறக்கிவிட்டு, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு, "தங்கச்சி, ஒன் வெப்சைட்டு ஜோரா கீது" என்று போன மாதம்தான் பாராட்டிவிட்டுப் போனார். எதற்குப் பாராட்டினார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மாமாவிடம் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்த பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்த முகவரிக்குத் தடை போட்டேன். அதோடு நிற்கவில்லை. முகவரியை மாற்றிக்கொண்டு பக்கத்து எண்ணிலிருந்து வருவான் என்று நினைத்து, அதைச் சேர்ந்த இருநூற்று ஐம்பத்தாறு முகவரிகளையும் ஒரே வரியில் அடைத்தேன். ஒரு வீட்டுக்குப் பதில் தெருவையே பூட்டின மாதிரி. வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று ஒரு அறிவிப்பும் எழுதி வைத்தேன்: "சந்தேகத்துக்குரிய நடவடிக்கை. அனுமதி மறுக்கப்பட்டது." சிவப்பு எழுத்தில்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தார்கள். அதே முகவரி, அதே கூட்டம், அதே விநாடி. கதவு சாத்தியிருந்தாலும் தட்டிய தடம் லாகில் விழும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நானூற்று மூன்று, நானூற்று மூன்று, அனுமதி இல்லை, அனுமதி இல்லை. சர்வர் ஆடவில்லை. எனக்கு மேஜை மேல் ஏறி நிற்க வேண்டும் போலிருந்தது.

பத்து மணிக்குக் கணக்குப்பிள்ளை கீழேயிருந்து குரல் கொடுத்தார். "பாப்பா, மலையிலேர்ந்து ஒரு அம்மா பேசுது. டோக்கன் வர மாட்டேங்குதாம். இன்னான்னு கேளு."

போனை வாங்கினேன். காற்று இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல்.

"ஏம்மா, பதினோரு மூட்ட சாமை கெடக்குது. போன வாரமும் வரல. கொட்டாய் ஒழுவுது. தார்ப்பாய் போட்டு வச்சிக்கினுகீறன். இந்த வாரத்துல எறக்கிப்புடணும்."

"எந்தப் போன்ல எடுத்தீங்க?"

"ஜீப்பு அண்ணன் போனுதான். எதுக்கு கேக்கற?"

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். தடை விழுந்ததும் ஜீப்காரர் ஒரு பெண்ணை விட்டுப் பேச வைக்கிறார். ஒழுகுகிற கொட்டாய், தார்ப்பாய், பதினோரு மூட்டை... எண்ணோடு சேர்த்துச் சொன்னால் நம்புவார்கள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"பாக்கறோம்ங்க. கொஞ்சம் கழிச்சு போட்டுப் பாருங்க," என்றேன்.

"அதுல சந்தேகம்னு ஏதோ செவப்பா வருதாமே. யாரு மேல சந்தேகம்? எம் மேலயா, எஞ் சாமை மேலயா?"

லைன் போய்விட்டது. நான்தான் வைத்தேன் என்று கணக்குப்பிள்ளை பின்னால் சொன்னார். லைன் போனதாகத்தான் எனக்கு நினைவு.

அந்த வாரம் மண்டியில் பாதி இடம் காலியாகக் கிடந்தது. அறுபது டோக்கனில் இருபத்தெட்டுதான் போயிருந்தது. "மலையில வரத்து கம்மியா கீதே, ஒரு வேள மழையில அறுக்கலியோ," என்று மாமா தாடியைத் தடவிக்கொண்டார். எனக்கு அது இன்னொரு சாட்சி. நாங்கள் டோக்கனைத் தடுத்ததும், அந்தக் கூட்டம் சரக்கை வேறு எங்கோ ஓட்டிக்கொண்டு போகிறது என்று முடிவு கட்டினேன். சந்தேகப்படுகிறவளுக்கு ஒரு வசதி, எது நடந்தாலும் அவள் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

பொறி வைக்கத் தீர்மானித்தேன். மிஷின் என்றால் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு என்று எழுதி வைத்தபடி வரும். நாளையும் நேரத்தையும் மாற்றினால் ஏமாந்துபோகும். மாமாவிடம் காலி இடத்தைக் காட்டி, "சனிக்கிழமை காலைல கூடுதலா இருபது டோக்கன் தரலாம் மாமா," என்றேன். ஒன்பதரைக்குத் திறப்பதாக வெள்ளிக்கிழமை மதியம் வாடிக்கைக்காரர் குழுவில் செய்தி போட்டேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குத் திறந்தேன். அமைதி. ஒன்பதே முக்கால், பத்து, பத்தேகால். அடிவாரத்திலிருந்து இரண்டு பேர். ஏமாந்தான் என்று நான் கையைத் தட்டிக்கொண்ட நேரம், பத்து முப்பது. வரிகள் கொட்டின. அதே முகவரி. நானூற்று மூன்று, நானூற்று மூன்று.

மிஷின் இல்லை. நேரத்தை யாரோ யோசித்து மாற்றியிருக்கிறார்கள். ஆனால் திறந்த நேரத்துக்கு ஏன் வரவில்லை? ஏன் ஒரு மணி நேரம் காத்திருந்து பத்தரைக்கு? நான் பார்த்து அலுத்துப் போகட்டும் என்றா? உள்ளே இருந்து யாராவது தகவல் சொல்கிறார்களா? படியில் நான்கு கட்டை இறங்கி எட்டிப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை கோணியடுக்குக்குப் பின்னால் நின்று, வாயைக் கையால் மறைத்துப் போனில் பேசிக்கொண்டிருந்தார். "தோ, இன்னிக்கும் வர்லியா? நான் இன்னா பண்றது, மேல பாப்பா கைல கீது எல்லாம்..."

கணக்குப்பிள்ளையும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். நேரம், முகவரி, போன் மாடல், தொடர்பு எண், சனிக்கிழமை காலை கோணியடுக்குக்குப் பின்னால் கேட்ட பேச்சு. திங்கட்கிழமை காலையில் மாமாவிடம் வைத்துவிடலாம். அதற்குள் வானம் இருண்டுவிட்டது. கோமுகி அணைப் பக்கம் கொட்டுகிறது, கச்சிராயபாளையம் ரோட்டில் தண்ணீர் என்று சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு நான் போனபோது கடை வாசலில் அந்த ஜீப் நின்றிருந்தது. பின்னால் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய மூட்டைகள். ஜீப்காரர் வண்டியில் சாய்ந்து நின்றார். முன் சீட்டில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு. மாமா படியில் நின்று கையை விரித்துக்கொண்டிருந்தார்.

"டோக்கன் இல்லாம எறக்கனா, நாளைக்கு எல்லாரும் இதே மாரி வந்து நிப்பாங்க. நான் இன்னாம்மா பண்ணுவன்?"

"பாய், நைட்டு பேஞ்ச மழைல கொட்டாயே உக்காந்துடுச்சி. எங்க வைக்கச் சொல்ற? செத்த நேரம் கழிச்சே எறக்கு, எறக்கறன்னு மட்டும் சொல்லு," என்றார் அந்தப் பெண். அந்தக் குரல் எனக்குத் தெரிந்துவிட்டது. தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கி மூட்டைகளை எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தது. அப்போதும் என் மனம், 'ஏற்பாடு பக்காவாக இருக்கிறது' என்றுதான் சொன்னது.

நேராக ஜீப்காரரிடம் போனேன். "அண்ணே, எத்தனை டோக்கன் ஒங்க நம்பர்ல எடுக்கறீங்க? எதுக்கு?"

"எதுக்குன்னா? ஊர்ல பாதி பேருகிட்ட போன் இல்ல. இருக்கறவங்க வூட்ல டவர் எடுக்காது. என் நம்பரப் போட்டாதான் நான் வந்து சொல்லுவன், ஒனக்கு செவ்வாக்கிழம, ஒனக்கு புதன்கிழமன்னு. கெழவன் கெழவில்லாம் எப்டி தெரிஞ்சிக்கும்?"

"சரி, அப்ப எல்லாருக்கும் ஒரே மாடல் போன் எப்டி?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் பொங்கலுக்கு ஆஃபர் போட்டான். போன் வாங்கனவங்கல்லாம் அதையே வாங்கனாங்க. தங்கச்சி, நீ இன்னா போலீசு வேலைக்கு படிக்கிறியா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. நன்றாகப் பதில் சொல்கிறார், பதில் தயாராக வைத்திருக்கிறார். சரி, கடைசிப் பொறி. அந்தப் பெண்ணிடம் போனேன்.

"வாங்கம்மா, மேல வாங்க. என் கம்ப்யூட்டர்லயே ஒங்களுக்கு டோக்கன் எடுத்துத் தரேன். இப்பவே. தெறந்துதான் இருக்குது." மணி அப்போது எட்டு ஐந்து. உண்மையிலேயே மூட்டை அவருடையது என்றால் ஓடி வருவார். மழை தலைக்கு மேல் நிற்கிறது. டோக்கன் கைக்கு வந்தால் உடனே இறக்கலாம்.

அவர் இறங்கி வந்தார். படியேறினார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் கோணிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். பக்கத்தைத் திறந்து, பெயரைக் கேட்டுத் தட்டி, கடைசிப் பொத்தானுக்கு வந்தேன்.

"இரு. இப்ப வாணாம்."

கையை அப்படியே வைத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டார். "ஏன்?"

"ஒம்போது ஆவட்டும்."

"அதான் ஏன் ஒம்போது?"

"ராவு காலம்டி. திங்கக்கெழம ஏழரைலேர்ந்து ஒம்போது. ஒரு வருசப் பாடு, அத ராவு காலத்துலயா கொண்டாந்து போடறது? எங்க ஊர்ல ஒருத்தரும் தொட மாட்டாங்க. மலை ரோட்டு வளைவுல வந்து நின்னுக்கினு ஒம்போது எப்ப ஆவும்னு பாத்துக்கினு இருப்பாங்க. அந்த வளைவ வுட்டா டவர் கெடையாது."

"சனிக்கிழமை?"

"சனிக்கெழம ஒம்போதுலேர்ந்து பத்தர. இது தெரியாதா ஒனக்கு?"

கீழேயிருந்து கணக்குப்பிள்ளை படியேறி வந்தவர், இதைக் கேட்டு நின்றார். பிறகு என் தலைக்கு மேல் கையை நீட்டினார். அங்கே ஆணியில் எங்கள் மண்டியின் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா வருஷா வருஷம் அச்சடித்து மலை முழுக்கக் கொடுக்கிற காலண்டர். என் வேலைப் பட்டியலை அதன் கீழ்ப்பாதியில் ஒரு கிளிப்பால் குத்தி வைத்திருந்தேன். கணக்குப்பிள்ளை அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். ராகு: 7.30 - 9.00.

எங்கள் வீட்டில் ராகுகாலம் பார்க்கும் வழக்கம் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியும், எந்தக் கிழமைக்கு எத்தனை மணி என்று தெரியாது. மாமா வாடிக்கைக்காரர்களுக்காக அச்சடித்தார். நான் அதன் மேல் பட்டியலைக் குத்தினேன்.

"அப்ப சனிக்கிழமை கோணிக்குப் பின்னாடி நின்னு பேசினது..." என்று கணக்குப்பிள்ளையிடம் இழுத்தேன்.

"இந்த அம்மாகிட்டதான். அந்தப் பக்கம் நின்னாதான் சத்தம் கம்மி. நீ இன்னான்னு நெனச்ச?"

நான் என்ன நினைத்தேன் என்று எழுதிய தாள் என் பைக்குள்தான் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

முகவரி ஒன்றாக இருந்ததற்கும் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. ஒரு டவரில் ஒட்டுகிற போன்கள் அத்தனையையும் போன் கம்பெனி ஒரே முகவரியில் வெளியே அனுப்பும். ஊரே ஒரு கதவு எண்ணோடு வெளியே வருகிற மாதிரி. இதை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பெண் திரையை உற்றுப் பார்த்தார். "எங்கள சந்தேகம்னு எந்த எடத்துல எழுதி வச்சிருக்க? காட்டு."

அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தேன்.

"இம்மாந்தானா?"

"இவ்ளோதாங்க."

"அழி."

மணி எட்டு இருபது. எனக்கு நாக்குக் குறுகுறுத்தது. "இது ராவுகாலம் ஆச்சேம்மா?"

"நல்லத ஆரம்பிக்கத்தான் நேரம் பாக்கணும். கெட்டத அழிக்கறதுக்கு எதுக்கு நேரம்? அழி."

அழித்தேன். அமைப்பைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்து, பிழை இல்லை என்று வந்ததும் சர்வருக்குப் புது அமைப்பைப் படிக்கச் சொன்னேன். ஆனால் தடையை எடுத்தால் மட்டும் போதாது. ஒன்பது மணிக்கு வளைவில் நிற்கிற கூட்டம் மறுபடி வரும். முதல் வாரம் அவர்கள் தட்டித்தானே சர்வர் விழுந்தது? திருட்டு இல்லை என்றால் பின்னே ஏன் விழுந்தது?

அதுவரை நான் வந்தவர்களின் பதிவைத்தான் படித்தேன். பிழைகளின் பதிவு தனியாக இருக்கிறது. அதைத் திறக்கவே இல்லை, குற்றவாளி யார் என்று முன்பே தெரிந்துவிட்டதால். இப்போது திறந்தேன். முதல் வரியிலேயே இருந்தது. தரவுத்தளத்தோடு ஒரே நேரத்தில் பேச எத்தனை இணைப்பு என்ற இடத்தில் ஐந்து என்று இருந்தது. எங்கிருந்தோ எடுத்த மாதிரிக் கோப்பில் இருந்த ஐந்து. நான் அப்படியே ஒட்டியிருந்தேன். ஆறாவது ஆள் வாசலில் நிற்பார், ஏழாவது ஆள் நிற்பார், பொறுமை இழந்து பக்கத்தை மறுபடி மறுபடி அழுத்துவார்கள். அறுபது பேர் அழுத்தினால் நானூறு வரி ஆகும். அவ்வளவுதான் அந்தத் தாக்குதல்.

ஐந்தை எண்பதாக்கினேன். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். ஒரு முகவரிக்கு நிமிடத்துக்கு இத்தனைதான் என்று போட்டிருந்த வரம்பைத் தளர்த்தினேன். என் லேப்டாப்பிலிருந்தே நூறு கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பிச் சோதித்தேன். நின்றது. விழவில்லை. தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது. கீழே ஜீப்காரர் இன்னொரு தார்ப்பாயை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஜன்னலைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை வந்துடுச்சும்மா. இப்பவே எடுத்துடலாமே."

"பொறு."

எட்டு ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. மாமாவும் மேலே வந்து நின்றார். முள் நேரானதும் அந்தப் பெண் என் கையைத் தள்ளிவிட்டுத் தன் விரலாலேயே பொத்தானை அழுத்தினார். முதல் எண். அதற்கு அடுத்த விநாடி பக்கத்துத் திரையில் லாக் கொட்ட ஆரம்பித்தது. அதே முகவரி, அதே மாடல். ஒவ்வொரு வரியின் முடிவிலும் இருநூறு, இருநூறு. வளைவில் நனைந்துகொண்டு நிற்கிற ஒவ்வொருவருக்கும் கதவு திறந்தது என்று அர்த்தம். சர்வர் அசையவில்லை.

மூட்டைகளை ஓடி ஓடி இறக்கினார்கள். மாமா ஒவ்வொன்றிலும் முழங்கை வரை கையை விட்டு, அடிச் சாமையைப் பிடி எடுத்து முகர்ந்தார். ஏழு மூட்டைக்குத் தலையாட்டினார். எட்டாவதில் கையை எடுத்தபோது விரல்களுக்கு நடுவே வெள்ளையாகப் பொடிப்பொடி முளைகள். அடியில் கிடந்த நான்கும் அப்படித்தான். கொட்டாய் விழுந்தது நேற்றைய இரவு, ஆனால் முளை மூன்று நான்கு நாள் வயதுடையது.

"இது போன வாரமே நனஞ்சதும்மா," என்றார் மாமா மெதுவாக.

"போன வாரந்தான் நானு டோக்கன் கேட்டன்," என்றார் அந்தப் பெண். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன், அங்கேயே, மூட்டை தூக்குகிறவர்கள் கேட்க. மாமா திட்டவில்லை. "இந்த நாலும் நம்ம பொறுப்பு," என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். ஆனால் அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு மூட்டையையும் திரும்ப ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

"எங்கூட்டுக் கோழிக்குத் தீனி ஆச்சி. கெட்ட சரக்க நல்லதுன்னு சொல்லி ஒருத்தன் தலைல கட்ட எனக்கு வாணாம் பாய்."

ஜீப் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "பொண்ணு, அந்தச் செவப்பு எழுத்த எடுத்துட்டியா?"

"எடுத்துடறேங்க."

அன்றைக்கே எடுத்தேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று வெகு நேரம் தெரியவில்லை. கடைசியில் மண்டியின் போன் எண்ணை மட்டும் போட்டேன்.

திங்கட்கிழமைகளில் டோக்கன் திறக்கும் நேரத்தை ஒன்பதுக்கு மாற்றுகிறேன் என்றேன். மாமா வேண்டாம் என்றார். எட்டுக்கே திறந்திருக்கட்டும், வருகிறவர் அவரவர் நேரத்துக்கு வரட்டும். பட்டியலைக் காலண்டரிலிருந்து எடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஒன்பது மணிக் கூட்டத்தை எதிர்பார்த்துத் திரை முன் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு ஒரே ஒரு வரி விழுந்தது. மலை டவரின் முகவரி. மலையிலிருந்து ராகுகாலத்தில் வருகிறவர் யார்? இத்தனை வாரத்தில் ஒருவர்கூட வந்ததில்லையே? விரல் தானாகத் தடைக் கோப்பின் பக்கம் போனது. பாதியில் நிறுத்தினேன். விண்ணப்பத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். இந்த முறை ஜீப்காரரின் எண் இல்லை.

"ஆமா, நாந்தான்," என்றது அந்தக் குரல், காற்று இரைச்சலுக்கு நடுவே. "கடுக்கா மூணு மூட்ட கீது. இன்னா, இப்பவும் சந்தேகமா?"

"இல்லங்க. ராவு காலத்துல எடுத்திருக்கீங்களேன்னு..."

"ராவு காலம் ஒம்போதுக்குப் போயிடும். அது நிச்சயம். ஒன் மிசினு ஒம்போது வரிக்கும் தொறந்து கெடக்குமோ கெடக்காதோ, அத எவ கண்டா?"

வைத்துவிட்டார். லைன் போகவில்லை, அவர்தான் வைத்தார்.